மல்லிகைச் சரத்துக்கு அபராதம்... சீரகச் சம்பாவுக்குத் தடை! வெளிநாட்டுத் தீபாவளிப் பார்சலில் எது போகும், எது போகாது?

மலையாள நடிகை நவ்யா நாயர் 2025-ம் ஆண்டு ஓணம் விழாவுக்காக ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குப் போனார். புறப்படும்போது அப்பா வாங்கிக்கொடுத்த மல்லிகைச் சரத்தில் பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு, மீதியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அது 15 சென்டிமீட்டர் நீளம், அதாவது ஒரு சாண்கூட இல்லை. மெல்போர்ன் விமான நிலையத்தில் அதற்கு 1,980 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டார்கள். நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். தெரியாமல் செய்தது என்றாலும் அது சாக்காகாது என்று விழா மேடையில் அவரே சொன்னார்.

நிலக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் எழுந்து மொட்டுப் பறிப்பவர்கள் இந்தச் செய்தியைப் படித்துச் சிரித்திருப்பார்கள். முழம் போட்டு விற்கிற பூவுக்கு லட்ச ரூபாயா என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், பண்டிகை நெருங்கும் இந்த நேரத்தில் சிரித்துவிட்டுப் போக முடியாது. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். முறுக்கு, அதிரசம், பருப்புப் பொடி, சீரகச் சம்பா அரிசி, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம் எனப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்கள். பொருளின் விலையைவிடப் பார்சல் கட்டணம் பல மடங்கு. அவ்வளவும் கட்டி அனுப்பிய பிறகு, பாதிப் பொருள் அந்த நாட்டு எரிகலனில் போய் விழுந்தால்?

அப்படி விழக்கூடியது எது, பிள்ளை கைக்குப் போய்ச் சேரக்கூடியது எது என்பதைத் தெரிந்துகொள்வதற்கு முன், ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் காரணத்தைத் தேடி வெளிநாட்டுக்குப் போகவும் வேண்டியதில்லை. சிறுமலைக்கும் கீழ்ப்பழனி மலைக்கும் போனாலே போதும்.

மலைவாழைக்கு வந்த வினை

விருப்பாச்சி மலைவாழை, சிறுமலை மலைவாழை இரண்டுக்கும் 2008-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், குறியீடு வந்தபோது அந்த வாழையில் பெரும்பகுதி மலையில் இல்லை. கீழ்ப்பழனி மலையில் 1970-களில் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிற்பாடு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டதாக ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. காபிச் செடிக்கு நிழலாக, ஒரு தடவை நட்டால் தலைமுறை தலைமுறையாகத் தார் தள்ளிக்கொண்டிருந்த மரங்கள் அவை. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் வயதானவர்களைக் கேட்டால் மலை முழுக்க வாழையாக இருந்த காலத்தைச் சொல்வார்கள்.

அழித்தது முடிக்கொத்து நோய். இலைக் காம்பிலும் நரம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக ஆரம்பிக்கும். அடுத்தடுத்து வரும் இலைகள் குறுகி, விறைப்பாக மேல்நோக்கி நின்று, உச்சியில் கொத்தாகிவிடும். அந்த மரம் தார் தள்ளாது. இது வைரஸ் நோய். பக்கத்து மரத்துக்கு இதைக் கடத்துவது வாழை அசுவினி. ஆனால் அசுவினி கடல் தாண்டிப் பறந்து வரவில்லை. நோயுள்ள கன்றைக் கையில் எடுத்துவந்தது மனிதர்கள்தான்.

இலங்கையில் இந்த நோய் 1913-ம் ஆண்டே பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து வந்த கன்றுகள் வழியாக 1940 வாக்கில் கேரளாவின் கோட்டயம் பக்கம் தலைகாட்டியது. தமிழ்நாடு, கேரளா, மேற்கு வங்கம், ஒடிசா, அசாம் ஆகிய மாநிலங்களில் இருந்து வாழைக்கன்றை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 1959-ல் தடை வந்தது. 1914-ம் ஆண்டின் அழிவுதரும் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டத்தின் கீழ் போடப்பட்ட தடை அது. மாநிலத்துக்கு உள்ளேயே கன்று ஊர் ஊராகப் போனதை யார் தடுப்பது? 'நல்ல ரகம்' என்று சொந்தக்காரர் கொடுத்த கன்றை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. இன்று திசு வளர்ப்பில் நோயற்ற விருப்பாச்சிக் கன்றுகளை உருவாக்கி, தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் மலைவாழையை மீட்கப் பாடுபடுகின்றன. போனதைக் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்பது அந்த மலை விவசாயிகளுக்குத் தெரியும்.

மல்லிகைக்கு அபராதம் போட்ட ஆஸ்திரேலியாவும் இதே நோயிடம் அடி வாங்கிய நாடுதான். 1913 வாக்கில் ஃபிஜித் தீவில் இருந்து வந்த வாழைக் கன்றுகளோடு முடிக்கொத்து நோய் அங்கே நுழைந்தது. 1920-களின் நடுவில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து எல்லைப் பகுதியில் இருந்த வாழைத் தோப்புகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. மாகீ என்ற இளம் விஞ்ஞானிதான் நோய் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதன் பிறகு, நோய் கண்ட மரத்தை உடனே அழிக்க வேண்டும், சோதித்துச் சான்று பெற்ற கன்றைத்தான் நட வேண்டும் என்று சட்டம் போட்டு, அதை விடாமல் நடத்தித்தான் வாழைச் சாகுபடியைத் திரும்ப நிறுத்தினார்கள். ஒரே நோய். அவர்கள் கதவை மூடினார்கள். நாம் மூடவில்லை.

அரிசிக்கு ஏன் தடை?

பார்சலில் மாட்டும் பொருள்களில் முதலிடம் தானியத்துக்கும் பருப்புக்கும். இதற்குக் காரணமான பூச்சி நம் நாட்டைச் சேர்ந்தது. கப்ரா வண்டு என்று பெயர். எள் அளவில், பழுப்பு நிறத்தில் இருக்கும். அதன் புழு உடம்பெல்லாம் முடியோடு இருக்கும். சாக்கு மடிப்பிலும், சுவர் வெடிப்பிலும், அட்டைப்பெட்டி இடுக்கிலும் ஒளிந்துகொண்டு, தீனி இல்லாமலே வருடக்கணக்கில் கிடக்கும். தானியம் வந்ததும் எழுந்து தின்ன ஆரம்பிக்கும். சாதாரணப் புகைமூட்டத்துக்கு எளிதில் சாகாது. இவ்வளவு பலம் இருந்தும் அதற்குப் பறக்க வராது! மனிதர்கள் சுமந்துபோனால்தான் உண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1953-ல் இது ஒரு தானியக் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டது. கிடங்குகளையே தார்ப்பாய் போட்டு மூடி மெத்தில் புரோமைடு புகை போட்டு, 1966 வரை போராடித்தான் ஒழித்தார்கள். அதனால்தான் கப்ரா வண்டு இருக்கும் நாடுகளில் இருந்து வீட்டு உபயோகத்துக்கு என்று பையிலோ பார்சலிலோ வரும் அரிசிக்கு 2011 முதல் அமெரிக்காவில் தடை இருக்கிறது. திண்டுக்கல் பிரியாணியின் ருசி அமெரிக்காவில் வர வேண்டும் என்று இரண்டு கிலோ சீரகச் சம்பாவைக் கட்டி அனுப்பினால், அது அடுப்புக்குப் போகாமல் அழிப்பு உலைக்குத்தான் போகும். அங்குள்ள இந்தியக் கடைகளில் சீரகச் சம்பா கிடைக்கிறதே என்று கேட்கலாம். அது வணிக முறையில், சோதனையும் சான்றிதழும் முடித்துக் கன்டெய்னரில் போவது.

ஆஸ்திரேலியா இன்னும் கடுமை. 2020-ல் இறக்குமதியான குளிர்சாதனப் பெட்டியின் அட்டைப் பொதியில் கப்ரா வண்டு வந்து இறங்கியதைப் பார்த்து அந்த நாடே அலறியது. அதே ஆண்டு அக்டோபர் முதல் தபாலிலும் பயணிகள் பையிலும் வர முடியாத பொருள்களில் அரிசி, கோதுமை, கொண்டைக்கடலை, துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை வகை, நிலக்கடலை, சீரகம், சோம்பு, கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய் எல்லாம் அடக்கம். கம்பெனியில் வறுத்தோ, பொரித்தோ, வேகவைத்தோ, பொரியாக்கியோ பாக்கெட் போட்டதற்கு இந்தத் தடையில் விலக்கு உண்டு. சூடு ஏறிய தானியத்தில் புழு பிழைக்காது. அரிசி போகாத நாட்டுக்கு அரிசி முறுக்கு போவதன் சூட்சுமம் இதுதான்.

பால்கோவாவும் கோமாரியும்

அடுத்து பால் இனிப்புகள். பால்கோவா, பேடா, பர்ஃபி, ரசகுல்லா, குலாப் ஜாமூன் ஆகியவை ஆஸ்திரேலியாவுக்குள் நுழையாது. பிரிட்டனும் நம் நாட்டில் இருந்து தனியார் அனுப்பும் பால், இறைச்சிப் பொருள்களை ஏற்பதில்லை. இனிப்பு கெட்டுப்போகும் என்பதற்காக இந்தத் தடை இல்லை. இந்தியாவில் கோமாரி நோய் இருக்கிறது என்பதுதான் காரணம். அந்த வைரஸ் பாலிலும் இறைச்சியிலும் உயிரோடு இருக்கும்.

மாடு வளர்ப்பவர்களுக்குக் கோமாரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வாயில் புண், காலில் புண், தீனி எடுக்காது, கறவை விழுந்துவிடும். 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இங்கே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். பிரிட்டனில் 2001-ல் நடந்தது வேறு மாதிரி. நார்தம்பர்லாந்து பகுதியில் ஒரு பன்றிப் பண்ணையில் சரியாக வேகவைக்காத எச்சில் உணவைத் தீனியாகப் போட்டார்கள். சட்டவிரோதமாக வந்த இறைச்சி அதில் கலந்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. நாடு முழுக்கக் கோமாரி பரவி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த நாடுகள் ஒரு டப்பா பால்கோவாவையும் வேறு கண்ணோடுதான் பார்க்கும்.

உப்புக்கண்டம், மட்டன் ஊறுகாய், கோழி வறுவல் எதையும் இந்த நாடுகளுக்கு முயற்சி செய்யவே வேண்டாம். ஊறுகாய் என்று எழுதிவிட்டு உள்ளே ஆட்டுக்கறி வைத்தால் அது பொய்யான உறுதிமொழி. சிக்கல் அனுப்பியவரோடு நிற்காது, பெறுகிற பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

ஒரு கொத்து கறிவேப்பிலை

எல்லோரையும் ஆச்சர்யப்படுத்துவது கறிவேப்பிலைதான். பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு இனத்துக்குக் கறிவேப்பிலை நெருங்கிய சொந்தம். எலுமிச்சையில் சாறு உறிஞ்சும் சைலிட் என்ற சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் முட்டை வைக்கும். அந்தப் பூச்சிதான் ஆரஞ்சில் 'கிரீனிங்' என்ற மஞ்சள் நோயைப் பரப்புகிறது. புளோரிடா மாநிலத்தில் 2005-ல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பு வருடம் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. 2022-23 பருவத்தில் 2 கோடிப் பெட்டியைக்கூடத் தொடவில்லை. கீழ்ப்பழனி மலையில் கொடை ஆரஞ்சு நலிந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய கதை இல்லை.

பழங்களும் அப்படியே. நத்தம் மாம்பழம், ஆயக்குடிக் கொய்யா எதையும் பார்சலில் வைக்கக் கூடாது. கொட்டைக்குள் கூன்வண்டு, சதைக்குள் பழ ஈயின் புழு இருக்கலாம். அமெரிக்கா நம் மாம்பழத்தை 1989 முதல் 2007 வரை உள்ளேயே விடவில்லை. இப்போதும் கதிர்வீச்சு நிலையத்தில் வைத்து எடுத்த வணிகப் பெட்டிகள்தான் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் நம் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய ஐந்துக்கும் தடை போட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் அகப்பட்டதே காரணம். மாம்பழத் தடை 2015-ல் நீங்கியது. காய்களுக்கு நீங்க இன்னும் காலம் பிடித்தது. வீட்டுப் பார்சல் பிடிபட்டால் ஒரு வீட்டுக்குத்தான் நஷ்டம். ஏற்றுமதிச் சரக்கில் பூச்சி போனால், நன்றாக விளைவித்த ஊர்களும் சேர்ந்து மார்க்கெட்டை இழக்கும். ஏற்றுமதிக்குக் காய் கொடுக்கும் ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்கு அனுப்புகிறவர்கள் பூச்சிக்குப் பயப்படுவதைவிடக் கசகசாவுக்குப் பயப்பட வேண்டும். இது தாவர நோய் விஷயமே இல்லை, போதைப்பொருள் சட்டம். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு என்று ஒரு சிறிய பொட்டலம் போட்டு அனுப்பினாலும் பிள்ளை சிறைக்குப் போக நேரிடலாம். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் அனுப்ப வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் அனுப்புவது?

எண்ணெயில் பொரித்தது, வறுத்து அரைத்தது, பாகு காய்ச்சியது. இந்த மூன்றும்தான் நல்ல துணை. முறுக்கு, தட்டை, சீடை, மிக்சர், அதிரசம், கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை ஆகியவற்றில் முளைக்கும் விதையும் இல்லை, உயிருள்ள பூச்சியும் இல்லை. பால், கோவா சேராததாகவும், எல்லாப் பக்கமும் நன்றாக வெந்ததாகவும் இருக்க வேண்டும். பருப்புப் பொடி, இட்லிப் பொடி போன்றவற்றை நன்றாக வறுத்து நைசாக அரைக்க வேண்டும். முழு மிளகாயும் முழுப் பருப்பும் தட்டுப்பட்டால் அதிகாரியின் கண் அங்கேதான் போகும். புளி அனுப்பினால் கொட்டை, நார், ஓடு எடுத்தது மட்டும்.

வீட்டில் செய்ததா, கடையில் வாங்கியதா என்பதில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. இது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். அமெரிக்காவுக்கு உணவுப் பொருள் அனுப்பும்போது அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆனால், ஒருவர் தன் வீட்டில் தானே செய்து, தானே இன்னொருவருக்குப் பரிசாக அனுப்பும் பலகாரத்துக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை. அம்மா சுட்ட முறுக்குக்கு அங்கே சலுகை உண்டு! ஆஸ்திரேலியாவுக்கு இது தலைகீழ். கம்பெனி பாக்கெட், உள்ளடக்கப் பொருள்களின் பட்டியல், தயாரித்த தேதி எல்லாம் அச்சிட்டிருந்தால்தான் எளிதாகத் தாண்டும். பெயர் எழுதாத பிளாஸ்டிக் கவரில் இருக்கும் பொடியை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

பழனி பஞ்சாமிர்தம் கட்டுபவர்கள் யோசிக்க வேண்டியது அதில் உள்ள தேனை. நியூசிலாந்துக்குள் தேனோ தேன் கலந்த பொருளோ தனியாருக்கு அனுமதி இல்லை. தேனீ நோய் வந்துவிடும் என்று பயம். ஆஸ்திரேலியாவிலேயே மேற்கு ஆஸ்திரேலியா மாநிலம், நாட்டின் மற்ற மாநிலத் தேனைக்கூட உள்ளே விடாது. பெர்த் நகரில் பிள்ளை இருந்தால் தேனையும் பஞ்சாமிர்தத்தையும் மறந்துவிடலாம். நெய்யும் பழமும் சேர்ந்திருப்பதால் மற்ற நாடுகளிலும் நிறுத்திக் கேட்க வாய்ப்பு உண்டு. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் தேவஸ்தானத்தின் மூடி முத்திரையிட்ட டப்பாவாக இருக்கட்டும்.

பெட்டியும் படிவமும்

பொருள் சரியாக இருந்தும் பெட்டியால் மாட்டியவர்கள் உண்டு. காய்கறி மண்டியில் கிடைக்கும் ஆப்பிள் பெட்டி, முட்டை அட்டை, பழக்கூடை எதையும் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் மண், பூச்சி முட்டை, இலைத் துணுக்கு ஒட்டியிருக்கும். வைக்கோல், உமி, தேங்காய் நார், வாழைச் சருகு வைத்து அடைப்பதும் கூடாது. புதிய அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும் போதும். மரப்பெட்டி என்றால் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து எடுத்த முத்திரை தேவைப்படும், அந்த வேலையே வேண்டாம்.

அஞ்சலகத்தில் சுங்க அறிவிப்புப் படிவம் தருவார்கள். 'கிஃப்ட்', 'ஸ்நாக்ஸ்' என்று ஒற்றை வார்த்தையில் எழுதிவிட்டு வருவதுதான் பலரின் பழக்கம். எக்ஸ்ரேயில் உருவம் தெரிகிறது, படிவத்தில் விவரம் இல்லை என்றால் பெட்டியைத் திறப்பார்கள். அரிசி மாவு முறுக்கு, எண்ணெயில் பொரித்தது, அரை கிலோ, இத்தனை ரூபாய் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். மறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 1984 முதல் பீகிள் இன நாய்களை வைத்துப் பழம், இறைச்சியை மோப்பம் பிடிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அஞ்சல் மையங்களில் நாய்களும் எக்ஸ்ரேயும் உண்டு.

தடையான பொருள் சிக்கினால், அமெரிக்காவில் அதை எடுத்து அழித்துவிட்டு, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்து மிச்சத்தை அனுப்புவது வழக்கம். ஆஸ்திரேலியாவில் பெறுபவருக்குக் கடிதம் வரும். காசு கட்டிச் சுத்திகரிப்பதா, திருப்பி அனுப்புவதா, அழிப்பதா என்று கேட்பார்கள்.

சுங்க வரி தனிக் கதை. வரி விதி மாறியதால் 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவுக்கான பார்சல்களை இந்திய அஞ்சல் துறை நிறுத்தி, அக்டோபர் நடுவில் திரும்பத் தொடங்கியது. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20. பலகாரம் போய்ச் சேருவதற்குள் பண்டிகை முடிந்துவிட்டது. ஆகவே, பெட்டி கட்டும் முன்பே அஞ்சலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்பது நல்லது. அந்தந்த நாட்டு வேளாண் துறை இணையதளத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடினால் இன்றைய விதி தெரியும். அதைப் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடலாம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*மகள் வீட்டுத் தோட்டத்துக்கு நாட்டு அவரை, சுரை, கீரை விதை அனுப்பலாமா?*

சும்மா கவரில் போட்டு அனுப்பக் கூடாது. அமெரிக்காவுக்கு என்றால் நம் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், அல்லது மகள் அங்கே 'சிறு அளவு விதை' அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியிலும் ஒரு பாக்கெட்டுக்கு 50 விதைதான், எல்லா விதைக்கும் கிடைக்காது. சான்றிதழ் தருவது மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு இயக்குநரகம். அதன் நிலையங்கள் சென்னை மீனம்பாக்கம், தூத்துக்குடி, திருச்சியில் இருக்கின்றன. விண்ணப்பித்து, விதையைச் சோதனைக்குக் கொடுத்து வாங்க வேண்டும். அடியோடு தடை செய்த பொருளுக்கு இந்தச் சான்றிதழ் இருந்தாலும் பயனில்லை. அங்குள்ள இந்தியக் கடைகளில் விற்கும் விதையை வாங்கி நடுவது சுலபம்.

*கொலு பொம்மை போகுமா?*

சுட்ட மண் பொம்மையும் காகிதக் கூழ் பொம்மையும் போகும். பழைய பொம்மையாக இருந்தால் அடியில் ஒட்டிய மண்ணைத் துடைக்க வேண்டும். மண்ணுக்கு எந்த நாட்டிலும் அனுமதி இல்லை. வைக்கோலில் சுற்றி விற்ற பொம்மையை வாங்கியிருந்தால், வைக்கோலை ஒரு துரும்பு விடாமல் எடுத்துவிட்டுக் காகிதத்தில் சுற்ற வேண்டும். பொம்மையோடு நவதானியப் பொட்டலம் வைக்கக் கூடாது.

*மகளிர் குழுவில் முறுக்கு போடுகிறோம். வெளிநாட்டுக்கு விற்க முடியுமா?*

முடியும். ஆனால், அது பரிசுப் பார்சல் கணக்கில் வராது. ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் தேவை. அஞ்சல் துறையின் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்கள் சிறு உற்பத்தியாளர்களுக்காகவே 2022 முதல் செயல்படுகின்றன. சுங்க வேலைகளையும் அங்கேயே முடிக்கலாம்.

*பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அங்கிருந்து செடி, விதை கொண்டுவரலாமா?*

நம் நாட்டிலும் 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது. விதை, செடி, கிழங்கு கொண்டுவர முன் அனுமதியும் அந்த நாட்டின் சான்றிதழும் தேவை. கோயம்புத்தூரில் 2008-ல் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டைச் சுற்றி வந்தது. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சியில் தொடங்கியது, இன்னும் தீரவில்லை. கேட்காமலே தபாலில் விதைப் பாக்கெட் வந்தாலும் நடக் கூடாது. 2020 ஆகஸ்டில் மத்திய வேளாண் அமைச்சகம் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. அப்படி வந்தால் பாக்கெட்டைப் பிரிக்காமல் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் ஒப்படைக்கலாம்.